சம்பளமில்லாத ஊழியம், கைவிடாத வீடு: கைசர்ஸ்வெர்த் சகோதரிகளின் வரலாறு

1836 அக்டோபர் 13 அன்று, ஜெர்மனியின் ரைன் நதிக்கரையில் டூசல்டார்ஃப் நகருக்கு அருகிலுள்ள கைசர்ஸ்வெர்த் என்ற சிற்றூரில் ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. திறந்த அன்று அதில் நோயாளி ஒருவரும் இல்லை, நர்ஸும் இல்லை. கையில் பணமில்லாத ஒரு போதகர் துணிந்து வாங்கிப்போட்ட வீடு அது. சில நாட்களில் முதல் நோயாளி வந்து சேர்ந்தார். அவர் கத்தோலிக்கச் சபையைச் சேர்ந்த ஒரு வீட்டு வேலைக்காரப் பெண். அக்டோபர் 20-இல் முதல் சகோதரி வந்தார். பெயர் கெர்ட்ரூட் ரைகார்ட், ஒரு மருத்துவரின் மகள், அப்போது அவருக்கு வயது 48. அந்த வீட்டிலிருந்துதான் புராட்டஸ்டண்ட் திருச்சபையின் டீக்கனஸ் (ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் ஊழியம் செய்யச் சபை நியமிக்கும் பெண்; 'சகோதரி' என்று அழைக்கப்படுபவர்) செவிலிய ஊழியம் ஐரோப்பா முழுவதும் பரவி, எருசலேமுக்கும் அமெரிக்காவுக்கும் போனது.

இந்த வரலாற்றைப் பெரும்பாலும் பக்தியின் வரலாறாகவே சொல்லிவிடுகிறார்கள். பக்தி இருந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பக்தி நூறாண்டுக்கு மேல் நிலைத்து நின்றதற்குக் காரணம் அதன் கீழே போடப்பட்டிருந்த ஓர் ஏற்பாடு. சகோதரி தன் உழைப்பையும், எங்கே வேலை செய்வது என்று முடிவுசெய்யும் உரிமையையும் கொடுத்துவிடுவார். அதற்கு ஈடாக அவருக்குப் பயிற்சியும் மரியாதையும் சாகும்வரை ஒரு வீடும் கிடைக்கும். இந்த ஊழியத்தின் வளர்ச்சிக்கும் தளர்ச்சிக்கும் அந்த ஒரே ஏற்பாடுதான் காரணம் என்பது என் எண்ணம்.

ஏன் அப்படியொரு ஏற்பாடு தேவைப்பட்டது?

சீர்திருத்த இயக்கம் 16-ஆம் நூற்றாண்டில் கன்னியர் மடங்களை மூடியபோது, பெண்கள் சேர்ந்து வாழ்ந்து ஊழியம் செய்ய இருந்த ஒரே இடமும் புராட்டஸ்டண்ட் நாடுகளில் இல்லாமல் போயிற்று. அந்த இயக்கத்தின் தலைவர் லுத்தர் குடும்பத்தை உயர்த்திப் பேசினார். நல்லதுதான். ஆனால் திருமணமாகாத பெண்ணுக்குச் சபையில் என்ன இடம் என்ற கேள்விக்கு 300 ஆண்டுகள் பதில் வரவில்லை. அண்ணன் வீட்டில் அண்டி வாழலாம், பணக்கார வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரலாம், ஏழையாக இருந்தால் வீட்டு வேலைக்குப் போகலாம்.

நோயாளிகளின் பக்கத்திலும் அதேபோல ஒரு வெற்றிடம் இருந்தது. கத்தோலிக்க ஊர்களில் சகோதரிகள் சபைகள் மருத்துவமனைகளைக் கவனித்துக்கொண்டன. மூன்ஸ்டர் நகரில் 1808-இல் தொடங்கிய கிளெமென்ஸ் சகோதரிகள் இதற்கு ஓர் உதாரணம். புராட்டஸ்டண்ட் ஊர்களில் நோயாளியைப் பார்த்துக்கொண்டது கூலிக்கு அமர்த்தப்பட்ட ஆட்கள். பயிற்சி கிடையாது, கூலி மிகக் குறைவு, சமூகத்தில் மதிப்பும் இல்லை. வசதியுள்ளவர்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். மருத்துவமனை என்பது நாதியற்றவர்கள் போகும் இடமாக இருந்தது.

இந்த இரண்டு குறைகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தவர் தியோடர் ஃபிளீட்னர். 1800-இல் பிறந்தவர். 1822-இல் கைசர்ஸ்வெர்த்துக்குப் போதகராக வந்தார். கத்தோலிக்கர் நிறைந்த அந்த ஊரில் அவருடைய சபை மிகச் சிறியது. உள்ளூர் வெல்வெட் ஆலையை நம்பி வாழ்ந்த சபை. அவர் வந்த சில வாரங்களில் ஆலை நொடித்துப்போனது. சபையால் போதகருக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. வேறு ஊர் பார்த்துப் போவதற்குப் பதிலாக அவர் காணிக்கை திரட்டக் கிளம்பினார். 1823-இல் ஹாலந்து, 1824-இல் இங்கிலாந்து. போன இடங்களில் பணத்தோடு இரண்டு யோசனைகளும் கிடைத்தன. ஹாலந்தில் மென்னோனைட் என்ற சிறு புராட்டஸ்டண்ட் சபையினர் பெண்களை டீக்கனஸாக நியமித்து ஏழைகளையும் நோயாளிகளையும் விசாரிக்க அனுப்புவதைக் கண்டார். லண்டனில், நியூகேட் சிறையில் பெண் கைதிகளிடையே எலிசபெத் ஃபிரை செய்த பணி அவர் மனதில் ஆழமாகப் பதிந்தது.

முதலில் சிறைப்பணியில்தான் இறங்கினார். 1826-இல் ரைன்லாந்து-வெஸ்ட்ஃபாலியாச் சிறைச் சங்கத்தைத் தொடங்கினார். 1833-இல், சிறையிலிருந்து விடுதலையாகிப் போக்கிடமில்லாத ஒரு பெண்ணைத் தன் வீட்டுத் தோட்டத்திலிருந்த சிறு அறையில் தங்கவைத்தார். செவிலியர் பயிற்சி அதற்கு மூன்றாண்டு கழித்து வந்தது. ரோமர் நிருபம் 16-ஆம் அதிகாரத்தில் பவுல் பாராட்டும் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாளை முன்மாதிரியாகக் காட்டி, ஆதித்திருச்சபையில் இருந்த ஊழியத்தைத்தான் மீட்டெடுக்கிறோம் என்றார். அந்த வாதம் அவருக்கு மிகவும் தேவைப்பட்டது. மடத்தைப் பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுவருகிறார் என்ற சந்தேகம் அவருடைய சொந்தச் சபையாரிடமே இருந்தது.

தாய்வீடு

அந்தச் சந்தேகத்துக்கு அவர் தந்த பதில் ஏற்பாட்டின் நுணுக்கங்களில் இருந்தது. வாழ்நாள் பொருத்தனை கிடையாது. ஐந்தாண்டுக்குச் சம்மதம் தந்தால் போதும். திருமணம் செய்துகொள்ளவோ வயதான பெற்றோரைக் கவனிக்கவோ விலகிப்போகலாம். பயிற்சிக்காலம் முடிந்ததும் சபையார் முன்னிலையில் ஜெபத்தோடு பிரதிஷ்டை செய்வார்கள். உடை நீல நிறம், தலையில் தாடையின் கீழ் முடிச்சிட்ட வெள்ளைத் தொப்பி. அக்காலத்தில் நடுத்தர வர்க்கத்தின் மணமான பெண்கள் அணிந்த பாணி அது. தெருவில் தனியாக நடந்துபோனாலும், ஓர் ஆணின் படுக்கையருகே நின்றாலும், அந்த உடை அவளுக்கு மணமான பெண்ணின் மதிப்பைத் தந்தது. கணவனின் பெயரைச் சார்ந்திராத மதிப்பு. ஒரு வாலிபப் பெண் வீட்டைவிட்டு வெளியே போய் வேலை செய்வதே குடும்பத்துக்கு அவமானம் என்றிருந்த காலத்தில் இது எவ்வளவு பெரிய கதவைத் திறந்திருக்கும்!

பணம் எப்படிப் புரண்டது என்பதை விளங்கிக்கொண்டால்தான் மற்றவை விளங்கும். சகோதரிக்குச் சம்பளம் இல்லை. உணவு, உடை, கைச்செலவுக்குச் சிறு தொகை, நோயுற்றால் சிகிச்சை, முதுமையில் பராமரிப்பு ஆகியவற்றைத் தாய்வீடு, அதாவது சகோதரிகள் பயின்று வாழ்ந்த தலைமை இல்லம், ஏற்றது. ஒரு நகர மருத்துவமனையோ சபையோ செவிலியர் கேட்டால், ஒப்பந்தம் சகோதரியோடு அல்ல, தாய்வீட்டோடு. அவளுடைய உழைப்புக்கான தொகையைத் தாய்வீடுதான் பெற்றுக்கொள்ளும். அந்தப் பணத்தில் புதிதாக வந்தவர்களுக்குப் பயிற்சி நடக்கும், ஓய்வுபெற்றவர்களுக்குச் சோறு போடப்படும். எந்தச் சகோதரி எந்த ஊருக்குப் போவது, எப்போது திரும்பி வருவது என்பதெல்லாம் தாய்வீட்டின் முடிவு. 1838 ஜனவரியில் எல்பர்ஃபெல்ட் நகர மருத்துவமனைக்குச் சகோதரிகள் போனது இந்த முறையில் நடந்த முதல் வெளியனுப்புதல்.

பயிற்சி நோயாளியின் கட்டிலோடு நின்றுவிடவில்லை. சமையல், சலவை, தையல், மருந்து தயாரித்தல், பெண்கள் பிரிவு, பிள்ளைகள் பிரிவு, தொற்றுநோய்ப் பிரிவு என்று முறைவைத்து மாறிமாறி வேலை. மருத்துவர் பாடம் எடுப்பார். போதகர் வேதபாடம் நடத்துவார். ஒவ்வொருவரும் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளக் கேள்விகள் எழுதித் தரப்பட்டிருந்தன. கிராமத்துப் பண்ணை வீட்டிலிருந்தும் கைத்தொழில் குடும்பத்திலிருந்தும் வந்த, அதிகம் படிக்காத பெண்களுக்கு இது ஒரு பள்ளிக்கூடமாகவும் இருந்தது. சிலருக்கு அவர்கள் வாழ்க்கையில் கிடைத்த முதல் முறையான கல்வி.

இத்தனையும் ஃபிளீட்னரின் பெயரில்தான் நிற்கிறது. வீட்டை நடத்தியவர் அவருடைய மனைவி ஃபிரீடெரிகே மியூன்ஸ்டர். டூசல்தால் என்ற இடத்தில் கைவிடப்பட்ட பிள்ளைகளுக்கான இல்லத்தில் வேலை செய்தவர். 1828-இல் ஃபிளீட்னரை மணந்தார். தாய்வீட்டின் முதல் தலைவி அவர். கணவர் காணிக்கைக்காக ஊர் ஊராகப் போனபோது கணக்கு, படுக்கை, துணி, சகோதரிகளின் மனவருத்தங்கள், வெளியூர் மருத்துவமனை நிர்வாகிகளோடு பேச்சு எல்லாம் இவர் தலையில். இவற்றுக்கிடையே அடுத்தடுத்துப் பிரசவங்கள், பிள்ளைகளின் சாவுகள். 1842 ஏப்ரலில் பிரசவத்தைத் தொடர்ந்து இறந்தபோது அவருக்கு வயது 42. மற்றவர்களின் உடம்பைக் கவனிக்க ஒரு பெரிய அமைப்பைக் கட்டியவரின் உடம்பைக் கவனிக்க அந்த அமைப்பில் நேரமில்லாமல் போனது. இந்த ஊழியத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போயிருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டே ஃபிளீட்னர் கரோலினே பெர்த்தோவை மணந்தார். ஹாம்பர்க் பொது மருத்துவமனையில் பெண்கள் பிரிவின் மேற்பார்வையாளராக இருந்தவர் அவர். காலரா காலத்தில் நோயாளிகளுக்கு உதவப் போய், 1832-இல் பெண்கள் சங்கம் ஒன்றைத் தொடங்கிய அமாலியே சீவெக்கிங்கின் மாணவி. சீவெக்கிங்கையே தலைமைப் பொறுப்புக்கு ஃபிளீட்னர் அழைத்திருந்தார்; அவர் மறுத்துவிட்டார். கரோலினே 1883 வரை, கணவர் இறந்தபின் ஏறத்தாழ இருபதாண்டு, தாய்வீட்டை நடத்தினார்.

நைட்டிங்கேல் எடுத்ததும் விட்டதும்

கைசர்ஸ்வெர்த் என்ற பெயரை உலகம் அறிந்தது ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலால். 1850-இல் இரண்டு வாரம் தங்கினார். 1851-இல் தாயும் அக்காளும் கார்ல்ஸ்பாட் நீரூற்றுகளில் ஓய்வெடுக்கப் போயிருந்தபோது, மூன்று மாதம் இங்கே பயிற்சி பெற்றார். வசதியான குடும்பத்துப் பெண் நர்ஸாவதா என்று ஆண்டுக்கணக்கில் தடுத்த குடும்பம் அது. வாழ்வதென்றால் என்ன, வாழ்வை நேசிப்பதென்றால் என்ன என்று இப்போது தெரிகிறது என்று அங்கிருந்து தாய்க்கு எழுதினார். பெயர் போடாமல் கைசர்ஸ்வெர்த்தைப் பற்றி ஒரு சிறு பிரசுரமும் வெளியிட்டார்.

பிற்காலத்தில், 1897-இல், அவர் எழுதிவைத்த குறிப்பு வேறு தொனியில் இருக்கிறது. அங்கே செவிலியப் பணி என்று சொல்ல ஒன்றுமே இல்லை, சுகாதாரம் படுமோசம், அந்த நிறுவனத்திலேயே மருத்துவமனைதான் மிக மட்டமான பகுதி என்றார். அதே குறிப்பில், அதைவிட உயர்ந்த மனப்பாங்கையும் தூய அர்ப்பணிப்பையும் தான் எங்கும் கண்டதில்லை என்றும் சேர்த்தார். இரண்டையும் நம்பலாம். 1851-இல் கிருமி பற்றிய அறிவே இல்லை. எல்லா மருத்துவமனைகளும் ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருந்தன. அவர் அங்கிருந்து எடுத்துப்போனது மருத்துவ நுட்பம் அல்ல, ஓர் அமைப்பு எப்படி இருக்கவேண்டும் என்ற படம்: பெண்கள் ஒரே வீட்டில் தங்க வேண்டும், முறையாகப் பயில வேண்டும், ஒழுக்கத்தின் பெயரில் யாரும் விரல் நீட்ட முடியாதபடி வாழ வேண்டும். 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரிலான பயிற்சிப்பள்ளி தொடங்கியபோது இவை மூன்றும் அங்கே இருந்தன. இரண்டை மட்டும் அவர் மாற்றினார். பயின்ற பெண்ணுக்குச் சம்பளம் உண்டு. அவளுக்கு மேலதிகாரி போதகர் அல்ல, செவிலியரிலேயே மூத்த ஒரு பெண். சிறிய மாற்றம்போலத் தோன்றும். ஆனால் 20-ஆம் நூற்றாண்டில் டீக்கனஸ் ஊழியமும் செவிலியத் தொழிலும் பிரிந்துபோன புள்ளி அதுதான்.

பரவலை விரைவாகச் சொல்லிவிடலாம். சுவீடனிலிருந்து மரீ செடர்ஷெல்ட் வந்து பயின்று திரும்ப, 1851-இல் ஸ்டாக்ஹோமில் எர்ஸ்டா தாய்வீடு எழுந்தது. நார்வேயில் காத்தின்கா குல்பர்க் 1868-இல் தொடங்கியதே அந்த நாட்டின் முதல் செவிலியர் பயிற்சி. கோபன்ஹேகன், ஹெல்சின்கி, பாரிஸ், ஸ்ட்ராஸ்பர்க் எல்லாவற்றிலும் தாய்வீடுகள். 1851-இல் ஃபிளீட்னரே நான்கு சகோதரிகளை எருசலேமுக்கு அழைத்துப்போனார். தொடர்ந்து கான்ஸ்டான்டிநோபிள், அலெக்சாந்திரியா. 1864-இல் அவர் இறந்தபோது ஏறத்தாழ 30 தாய்வீடுகளும் 1,600 சகோதரிகளும் இருந்தனர்.

அமெரிக்காவில் மட்டும் விதை சரியாக முளைக்கவில்லை. லுத்தரன் போதகர் வில்லியம் பாசவன்ட் அழைத்ததன்பேரில் 1849-இல் நான்கு சகோதரிகள் பிட்ஸ்பர்க் போனார்கள். அங்கே ஒரு மருத்துவமனையும் தொடங்கியது. ஆனால் 1873-இலிருந்து அந்த நாட்டில் நைட்டிங்கேல் முறையிலான பயிற்சிப்பள்ளிகள் அடுத்தடுத்துத் திறந்தன. தன் சம்பாத்தியத்தைத் தானே வைத்துக்கொள்ள வழியிருக்கும்போது, அதைத் தாய்வீட்டுக்குக் கொடுக்க வா என்று ஓர் அமெரிக்கப் பெண்ணை அழைப்பது கடினம்.

'என் கூலி, நான் செய்ய அனுமதிக்கப்பட்டதே'

ஜெர்மனியில் அந்த அழைப்புக்கு இன்னும் வலு இருந்தது. பவேரியாவின் நொயென்டெட்டெல்சாவ் ஊரில் 1854-இல் தாய்வீடு தொடங்கிய லுத்தரன் போதகர் வில்ஹெல்ம் லோஹே, சகோதரிகளுக்கென்று ஒரு வாசகம் எழுதினார். எனக்கு என்ன வேண்டும்? ஊழியம் செய்ய வேண்டும். யாருக்கு? ஆண்டவருக்கு, அவருடைய துன்பப்படுகிறவர்களிலும் ஏழைகளிலும். என் கூலி என்ன? கூலிக்காகவும் நன்றிக்காகவும் அல்ல, நன்றியினாலும் அன்பினாலும் செய்கிறேன். செய்ய அனுமதிக்கப்பட்டதே என் கூலி. தாய்வீடுகள் பலவற்றிலும் சகோதரிகள் இதை மனப்பாடமாகச் சொன்னார்கள்.

ஒரு பெண் இதைத் தானாக, முழு மனதோடு சொல்லும்போது அதன் அழகை மறுக்க முடியாது. அதையே வேலைகொடுப்பவர் சொல்லத் தொடங்கும்போதுதான் தீங்கு பிறக்கிறது. நகராட்சி மருத்துவமனைகளுக்குச் சகோதரிகள் மலிவான உழைப்பாக ஆனார்கள். சட்டத்தின் கண்ணில் டீக்கனஸ் ஒரு தொழிலாளி அல்ல. ஆகவே தொழிலாளர் பாதுகாப்பு எதுவும் அவர்களுக்கு இல்லை. அவர்களுக்குப் பக்கத்தில் நின்று சம்பளத்துக்கு வேலை செய்த மற்ற நர்ஸுகளும் இதன் பாரத்தைச் சுமந்தார்கள். மற்றத் தொழில்களில் எட்டு மணி நேர வேலை பேசப்பட்ட காலத்தில், 1924-ஆம் ஆண்டின் ஜெர்மன் ஆணை மருத்துவமனை ஊழியர்களை வாரம் 60 மணி நேரம் வேலை வாங்க அனுமதித்தது. நர்ஸ் என்றால் தியாகம் செய்கிறவள், அவள் மணிக்கணக்குப் பார்க்கக்கூடாது என்ற எண்ணம் சகோதரிகளின் அர்ப்பணிப்பிலிருந்து எடுத்து எல்லார் மேலும் போர்த்தப்பட்டது.

சபைக்குள்ளிருந்தே இதற்கு மாற்று தேடியவர்களும் உண்டு. 1894-இல் ஃபிரீட்ரிக் சிம்மர் தொடங்கிய சுவிசேஷ டீக்கனஸ் சங்கம் சகோதரிகளுக்கு இன்னும் அதிகச் சுதந்திரத்தையும் சொந்த வருமானத்தையும் அனுமதித்தது. சபைக்கு வெளியே 1903-இல் ஆக்னெஸ் கார்ல் என்ற நர்ஸ், தாய்வீடு எதையும் சாராத செவிலியருக்காகத் தொழிற்சங்கம் போன்ற ஓர் அமைப்பை உருவாக்கினார். 1907-இல் ஜெர்மனியின் மிகப்பெரிய மாநிலமான பிரஷ்யா செவிலியருக்கு அரசுத் தேர்வைக் கொண்டுவந்தது.

கீழ்ப்படிதலின் இன்னொரு பக்கத்தைச் சொல்லாமல் போனால் இந்த வரலாறு நேர்மையாக இராது. 1940-41-இல் நாஜி அரசு மனநோயாளிகளையும் உடல், மன வளர்ச்சி குன்றியவர்களையும் கொன்ற திட்டத்தில், நொயென்டெட்டெல்சாவ் இல்லங்களிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அரசு நிலையங்களுக்கு மாற்றப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். ஆண்டுக்கணக்காக ஊட்டிவிட்டு, குளிப்பாட்டி வளர்த்த சகோதரிகளின் கைகளிலிருந்துதான் அவர்கள் பேருந்தில் ஏற்றப்பட்டார்கள். மேலிடத்து உத்தரவை எதிர்த்துப் பேசுவதற்கு நூறாண்டுக் கீழ்ப்படிதல் பயிற்சியில் இடம் வைக்கப்படவில்லை.

தாய்வீடு சுருங்கிய பின்

போருக்குப் பிறகு ஏற்பாட்டின் கணக்கு உடைந்தது. இளம் சகோதரிகளின் சம்பாத்தியம் மூத்தவர்களைத் தாங்கும் என்பது அதன் அடித்தளம். 1950-களுக்குப் பிறகு பெண்களுக்கு எல்லாத் தொழில்களும் திறந்தன. ஓய்வூதியத்தை அரசு ஏற்றது. திருமணமாகாத பெண் மதிப்போடு வாழ நீல உடை தேவைப்படவில்லை. புதிதாகச் சேர்பவர் குறைய, ஓய்வில்லங்கள் நிரம்பின. கைசர்ஸ்வெர்த் இன்று சம்பளம் பெறும் ஊழியர்கள் நடத்தும் பெரிய சமூகசேவை நிறுவனம்; அதன் மருத்துவமனைக்கு நைட்டிங்கேலின் பெயர்.

மருத்துவமனைகள் இந்த மாற்றத்தைத் தாங்கிக்கொண்டன. தாங்காமல் போனது கிராமத்துச் சபைச் சகோதரிகள். ஜெர்மன் கிராமங்களில் சைக்கிளில் வீடு வீடாகப் போய், கட்டுப்போட்டு, கிழவர்களைக் குளிப்பாட்டி, சாகக்கிடந்தவரின் பக்கத்தில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவர்கள். அவர்களுக்கு வேலைநேரம் கிடையாது, எனவே அவர்களை மாற்றீடு செய்யவும் வழியில்லை. 1970-களில் அவர்கள் இடத்துக்குச் சமூகநல நிலையங்கள் வந்தன. 1995-இல் பராமரிப்புக் காப்பீடு வந்தபோது ஒவ்வொரு வேலைக்கும் நேரமும் தொகையும் குறிக்கப்பட்டன. வயதானவரிடம் சும்மா உட்கார்ந்து பேசுவதற்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

விதை முளைக்காத அமெரிக்காவில்தான் இந்த ஊழியம் வேறு வடிவில் திரும்பி வந்தது. லுத்தரன் போதகர் கிரேஞ்சர் வெஸ்ட்பர்க் 1970-களில் ஆலயக் கட்டடங்களிலேயே சிறு மருத்துவ நிலையங்கள் நடத்திப்பார்த்தார். மருத்துவரை வைத்து நடத்துவது செலவு அதிகம். மக்கள் மனம்விட்டுப் பேசியதோ நர்ஸிடம்தான். 1980-களின் நடுவில், சிகாகோவுக்கு அருகே பார்க் ரிட்ஜில் உள்ள லுத்தரன் ஜெனரல் மருத்துவமனையோடு சேர்ந்து, அக்கம்பக்கத்துச் சபைகளில் சபைக்கு ஒரு நர்ஸ் வீதம் அமர்த்தினார். அந்த மருத்துவமனையின் வேரே நார்வே நாட்டு டீக்கனஸ் சகோதரிகள் சிகாகோவில் தொடங்கியதுதான். இம்முறை நர்ஸுக்குச் சம்பளம் உண்டு. முதலில் மருத்துவமனை பெரும்பங்கைக் கொடுத்தது. ஆண்டுக்கு ஆண்டு சபை தன் பங்கைக் கூட்டிக்கொண்டது. ஊசி போடுவது இவர் வேலையல்ல. இரத்த அழுத்தம் பார்ப்பது, மருந்துச்சீட்டை விளக்குவது, எந்த மருத்துவரிடம் போவதென்று சொல்வது, கேட்டுக்கொண்டிருப்பது, ஜெபிப்பது. 1990-களின் முடிவில் அமெரிக்கச் செவிலியர் சங்கம் இதைத் தனிச் சிறப்புப் பிரிவாக அங்கீகரித்தது. கத்தோலிக்க, மெத்தடிஸ்ட், பாப்டிஸ்ட் சபைகளிலும் இப்படிப்பட்ட நர்ஸுகள் வேலை செய்கிறார்கள்.

ஜெர்மனியின் ரைன்லாந்து-பலாட்டினேட் மாநில அரசும் 2015-இல் பழைய சபைச் சகோதரியின் பெயரையே வைத்து ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பராமரிப்புத் தேவைப்படும் நிலைக்கு இன்னும் வராத, 80 வயதைக் கடந்த முதியோரை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்துப் பேச ஒரு செவிலியர். மருந்தும் கட்டும் இதில் கிடையாது. தனிமையில் இருக்கிறாரா, படியேற முடிகிறதா, யாரேனும் வந்துபோகிறார்களா என்று விசாரிப்பதுதான் வேலை. அதற்குப் பொதுப்பணத்திலிருந்து மாதச் சம்பளம் தரப்படுகிறது.